பதினோரு மீட்டர் தண்ணீர்

யாருக்கும் தெரியாத ஒரு தப்பை, இனிமேலும் தெரியவே வழியில்லாத ஒரு தப்பை, ஊரே கூடி நிற்கும்போது ஒருவர் தானாக ஏன் சொல்ல வேண்டும்? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறாம் வருடம் ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி, வொப்ரியேர் மாளிகைத் தோட்டத்தில் என் பக்கத்தில் நின்றவர் இப்படிக் கேட்டார். பிறகு அந்தத் தப்பைச் சொன்ன லியோந்தீனிடமே போய்க் கேட்டேன். கீரை வளர்க்கும் அனத்தோலிடமும் கேட்டேன். அவர்கள் சொன்னதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

லியோந்தீன் ஊதயே அந்த மாளிகையின் தண்ணீரைப் பார்த்துக்கொள்பவர். ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புத் திருகு சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு திரிவதால் ஊரில் அவருக்குச் ‘சாவிக்காரி’ என்று பேர். பதினைந்து வயதில் மாளிகையின் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். செம்புக் கொப்பரைகளில் படுக்கை விரிப்புகளை வேகவைத்து அலசுகிற வேலை. அங்கே குழாய் அடைத்துக்கொண்டால் யாரும் உடனே வந்து பார்க்க மாட்டார்கள். அதனால் அவரே குழாயைக் கழற்றிப் பூட்டப் பழகிக்கொண்டார். ஐம்பத்தேழாம் வருடம், அப்போது தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்த பாப்திஸ்த் கிழவர் பிரெஸ்த் நகரத்தில் இருந்த மகளோடு வாழப் போய்விட்டார். இனி யார் பார்ப்பது என்று மாளிகைப் பிரபு கேட்டபோது, கூடையைக் கீழே வைத்துவிட்டு லியோந்தீன் சொன்னார்: “தண்ணியும் நானும் பழக்கம்தான் ஐயா. நான் பாக்கறேன்.” அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று.

வேலை சின்னதல்ல. மாளிகைக்குப் பின்னால் மேட்டில், ஓக் மரங்களுக்கு நடுவே ஒரு ஏரி. அதிலிருந்து நானூறு மீட்டர் நீளத்துக்கு ஒரு வார்ப்பிரும்புக் குழாய் புல்தரைக்கு அடியில் இறங்கி வருகிறது. மோட்டார் எதுவும் கிடையாது. மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீர் தான் இறங்கிய உயரத்துக்கே திரும்ப ஏறப் பார்க்கும். அந்த ஆசைதான் மாளிகைக்கு முன்னால் இருக்கும் வட்டக் குளத்தில், மூன்று கல் மீன்களின் நடுவிலிருந்து தூணாக எழும்பும். எழும்பி விழுந்த தண்ணீர் வாய்க்காலில் போய், மாடுகள் குடிக்கும் தொட்டியை நிரப்பி, கோயிலுக்குப் பக்கத்துச் சலவைத்துறை வழியாக ஆற்றில் சேரும். ஒரு சொட்டும் வீணாவதில்லை. ஏரி வாயில் சேரும் இலைகளை வாருவது, கரையில் அகழெலி தோண்டும் வளைகளை அடைப்பது, குழாய் மூட்டுகளில் ஈயம் காய்ச்சி ஊற்றுவது, உறைபனி வருவதற்குள் குழாயை வடிப்பது எல்லாம் லியோந்தீனின் பொறுப்பு.

எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். ஆனாலும் ஒரு குறை அவர் மேல் ஒட்டிக்கொண்டது. பாப்திஸ்த் காலத்தில் நீர்த்தூண் பதினோரு மீட்டர் எழும்பும். லியோந்தீன் சாவியைத் தொட்ட வருடத்திலிருந்து ஒன்பதுதான். அதற்கு மேல் ஏறவே இல்லை. துருவைச் சுரண்டினார், மூட்டுகளைப் புதுப்பித்தார், வாய்க்கு வேறு பித்தளைக் குழல் போட்டுப் பார்த்தார். ஒன்பது ஒன்பதாகவே நின்றது.

தபால்காரர் குளோவிஸுக்கு அது நல்ல தீனி. “சாவிக்காரி! பாப்திஸ்த் திறந்தா பால்கனியில நிக்கறவங்க மூஞ்சி நனையும். நீ திறந்தா என்ன நனையுது? கீழ இருக்கற தவளை!”

“உன் சைக்கிள் முன்ன மாதிரியா மேடு ஏறுது குளோவிஸ்?” என்பார் லியோந்தீன். “இறங்கித் தள்ளிட்டுத்தானே வர்ற?”

சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் உள்ளே அது உறுத்திக்கொண்டே இருந்தது.

எழுபத்தாறில் மழை ஏமாற்றியது. ஜூன் முடிவதற்குள் புல்தரை வைக்கோல் நிறமாகிவிட்டது. ஏரி ஒரு மீட்டர் கீழே போனது. நீர்த்தூண் ஏழு மீட்டரில் நின்று, முதுகு வலிக்கிற ஆள் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்தது. ஜூலையில் லெ மான் நகரத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். மின்சாரப் பம்பு ஒன்றைப் பற்றி மதாம் து கூர்வாலிடம் இரண்டு மணி நேரம் பேசினார். பிரபு இறந்த பிறகு மாளிகையை நடத்துவது அந்த அம்மாள்தான். பம்பு வட்டக் குளத்துத் தண்ணீரையே திரும்பத் திரும்ப மேலே தள்ளும். ஏரிக் குழாயை அடைத்துவிடலாம். ஒரு பொத்தானை அமுக்கினால் போதும்.

மதாம் லியோந்தீனைக் கூப்பிட்டு நிற்கவைத்துப் பேசவில்லை. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அதிலேயே லியோந்தீனுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“ஆகஸ்ட் பதினஞ்சு வரைக்கும் பாக்கலாம், லியோந்தீன். அன்னிக்கு தண்ணி பால்கனிச் சுவரைத் தாண்டிச்சுன்னா எல்லாம் இப்ப இருக்கற மாதிரியே இருக்கட்டும். தாண்டலைன்னா செப்டம்பர்ல பம்பு வெச்சிடுவேன்.”

“அப்ப நான் என்ன பண்றது மதாம்?”

“உங்களுக்கு வேலை இல்லாம போகுமா? மாளிகையைச் சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு வாசல்ல டிக்கெட் கிழிக்க ஆள் வேணும்.”

பால்கனிச் சுவர் ஒன்பது மீட்டர் உயரம். லியோந்தீன் எழுந்து வந்துவிட்டார். அதற்குப் பிறகு தினமும் விடிந்ததும் திருகு சாவியை ஒவ்வொரு வால்வின் தலையிலும் மாட்டி, அதன் பிடியில் காதை வைத்துக் கேட்பார். உள்ளே தண்ணீர் ஓடினால் இரும்பு வழியாக இரைச்சல் ஏறி வரும். பாப்திஸ்த் விட்டுப்போன ஒற்றைத் தாளில் இருபத்திரண்டு வால்வுகள் வரையப்பட்டிருந்தன. இருபத்தொன்றைக் கேட்டாயிற்று. எங்கேயும் கசிவில்லை. மிச்சமிருந்த ஒன்று எந்தப் புல்லுக்கு அடியில் கிடக்கிறது என்று அவருக்கே மறந்துபோயிருந்தது. அது எப்போதோ இறுக்கி மூடிய வால்வு, அதைப் பற்றிக் கவலையில்லை என்று விட்டுவிட்டார்.

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி மாளிகைக் கூரையின் மழைநீர்ப் பீலி அடைத்திருக்கிறது என்று பரண் ஜன்னலுக்கு ஏறினார். தற்செயலாகக் கீழே பார்த்தார். காய்ந்து பழுத்த புல்தரையில் ஒரு பச்சைக் கோடு. யாரோ ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி, குழாய் போகும் பாதையில் தொடங்கி நேராகச் சரிவில் இறங்கி மதில் சுவர் வரைக்கும் போயிருந்தது. மழை பெய்கிற வருடங்களில் எல்லாமே பச்சையாக இருந்ததால் அந்தக் கோடு கண்ணில் படவே இல்லை. வறட்சி வந்துதான் அதைக் காட்டிக்கொடுத்தது.

கோடு தொடங்கும் இடத்தில் மண்வெட்டியை வைத்தார். ஒரு சாண் ஆழத்தில் பலகைக் கல். கல்லைப் புரட்டினால், மதில் பக்கம் இறங்கும் பழைய வடிகாலின் தலையில் இருபத்திரண்டாவது வால்வு.

பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது. ஐம்பத்தேழாம் வருடம், அவருடைய முதல் இலையுதிர் காலம். குழாயை வடிப்பதற்காக இந்த வால்வைத் திறக்க இடப்பக்கம் திருப்பினார். எல்லா வால்வும் இடப்பக்கம்தானே திறக்கும். இது அசையவில்லை. துருப்பிடித்திருக்கிறது என்று நினைத்து, இளக்குவதற்காக வலப்பக்கம் திருப்பினார். அது வெண்ணெய் மாதிரி சுற்றிக்கொண்டே போய்க் கடைசியில் நின்றது. ஓஹோ, இத்தனை நாளும் திறந்து கிடந்திருக்கிறது, நாம் மூடிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார். நல்ல வேலை செய்த திருப்தியோடு கல்லைப் போட்டு மண்ணைத் தள்ளினார். அடுத்த வருடத்திலிருந்து குழாயை வடிக்கக் கீழே இருந்த வேறொரு வால்வைப் பயன்படுத்தியதால் இதைத் தேட வேண்டிய அவசியமே வரவில்லை.

இப்போது சாவியை மாட்டிக் காதை வைத்தார். உள்ளே ஆறு ஓடுகிற சத்தம். வலப்பக்கம் திருப்பினார். அசையவில்லை. இடப்பக்கம் திருப்பினார். பதினொரு சுற்று சுற்றியது. கடைசிச் சுற்றில் இரைச்சல் மெலிந்து, ஈ முனகல் போலாகி, அடங்கியது.

அது பழைய காலத்து வால்வு. எந்தப் பட்டறையில் வார்த்தார்களோ, அதற்கு இடப்பக்கம் மூடல், வலப்பக்கம் திறப்பு. பாப்திஸ்துக்கு அது கைப்பழக்கம், அதனால் தாளில் குறிக்கவில்லை. அவர் மூடி வைத்திருந்ததை லியோந்தீன்தான் முழுசாகத் திறந்துவிட்டு, மேலே கல்லும் போட்டு மூடியிருக்கிறார். பத்தொன்பது வருடம்.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தோட்டத்தில் யாரும் இல்லாதபோது நீரூற்றைத் திறந்து பார்த்தார். ஏழைத் தாண்டியது. எட்டு, ஒன்பது. பால்கனிச் சுவரை எட்டிப் பார்த்து, அதையும் தாண்டி, பத்து மீட்டரில் போய் வெள்ளையாக விரிந்தது. ஏரி நிறைந்திருந்தால் பதினொன்று வந்திருக்கும். ஐம்பத்திரண்டு வயதில் லியோந்தீன் தனியாக நின்று கைதட்டினார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அப்போது அவர் யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை என்றுதான் பிறகு என்னிடம் சொன்னார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் அனத்தோல் பெரியேயின் கீரைப் பாத்திகள். கிரெசோன் என்கிற காரக்கீரை. அது ஓடுகிற தண்ணீரில்தான் வளரும். பதினேழு வருடத்துக்கு முன்னால் அனத்தோல் ஹேசல் மரத்துக் கவட்டைக் குச்சியைக் கையில் பிடித்து நீரோட்டம் பார்த்துக்கொண்டே போய், மதிலடியில் குச்சி துடித்த இடத்தில் தோண்டினார். தண்ணீர் வந்தது. அன்றிலிருந்து ஊரில் கிணறு வெட்டுகிறவர்கள் எல்லாம் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்த ஊற்றுக்கு ‘மகாராணி’ என்று பேர் வைத்திருந்தார். எந்தக் கோடையிலும் அது வற்றியதில்லை.

அன்று மத்தியானம் ரொட்டி வாங்கப் போன லியோந்தீன், பாத்தி ஓரத்தில் அனத்தோல் மண்டியிட்டிருப்பதைப் பார்த்தார்.

“வா சாவிக்காரி. என் மகாராணி கோவிச்சுக்கிட்டா, பாத்தியா?”

“எப்பயிலிருந்து?”

“நேத்து சாயங்காலம் கணுக்கால் வரைக்கும் இருந்துச்சு. இப்ப செருப்புகூட நனையல. ஊர்க் கிணறெல்லாம் வத்தினப்பகூட இவ அசரல. இப்பப் பாத்து... போன வாரம்தான்டி நாத்து வெச்சேன். புதுசு எல்லாம்.”

“எத்தனை நாள் தாங்கும்?”

“ரெண்டு நாள். மூணாம் நாள் வைக்கோல்.” அவர் எழுந்து இடுப்பிலிருந்து கவட்டைக் குச்சியை எடுத்தார். மதிலடியில் மெதுவாக நடந்தார். குச்சி சடாரென்று கீழே வளைந்தது. “இந்தா, துடிக்குது! கீழதான் இருக்கா. சும்மா பிகு பண்றா. வந்துடுவா.”

லியோந்தீன் ரொட்டி வாங்கவில்லை. நேராகத் திரும்பிப் போய் இருபத்திரண்டாவது வால்வை வலப்பக்கம் பதினொரு சுற்று சுற்றினார். இரைச்சல் மறுபடி எழுந்தது. சாவியைப் பிடித்தபடியே புல்லில் உட்கார்ந்தார்.

பேசாமல் மூடிவிட்டால் கேட்க ஆளில்லை. வறட்சி, மகாராணியும் வற்றிவிட்டாள் என்று ஊரே நம்பும், அனத்தோலும் நம்புவார். தண்ணீர் பால்கனியைத் தாண்டும். பம்பு வராது. குளோவிஸின் வாயும் அடைபடும். திறந்தே விட்டாலும் கேட்க ஆளில்லை. கீரை பிழைக்கும், இவர் வாசலில் டிக்கெட் கிழிப்பார். இரண்டு நாள் அந்தக் குழிக்கும் வீட்டுக்குமாக நடந்தார். குழியை மூடவும் இல்லை.

ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருநாள். பூசை முடிந்ததும் ஊரே தோட்டத்துக்கு வரும். ரொட்டியும் அதில் தடவும் பன்றி இறைச்சி ரில்லெத்தும் ஆப்பிள் சைடர் புட்டிகளுமாகப் புல்லில் உட்காரும். பாதிரியார் குளத்தங்கரையில் நின்று ‘அருள் நிறைந்த மரியே’ தொடங்குவார், எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். ஒரு செபத்துக்கு லியோந்தீன் ஊற்று வால்வில் சாவியைக் கால் திருப்பம் திருப்புவார். அதற்கு மேல் கிடையாது. அவசரப்பட்டுத் திறந்தால் தண்ணீர் ஆட்டுக்கடா மாதிரி முட்டி ஈய மூட்டுகளைப் பிளந்துவிடும். அதனால் தண்ணீர் மெல்ல மெல்ல எழும். அன்றைய கூட்டத்துக்கு அதுதான் அழகு.

பாதிரியார் தயாரானார். மதாம் பால்கனிக்குக் கீழே, வைக்கோல் தொப்பி போட்டுக்கொண்டு நின்றார். பம்பு விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

“என்ன சாவிக்காரி, இன்னிக்கு உன் ஊத்து எந்திரிக்குமா, இல்ல படுத்துக்கிட்டே தும்முமா?” என்று கூட்டத்திலிருந்து குளோவிஸ் கத்தினார். சிரிப்பு எழுந்தது.

லியோந்தீன் சாவியை வால்விலிருந்து கழற்றிப் புல்லில் படுக்க வைத்தார்.

“மதாம், பால்கனிக்கு மேல தண்ணி என்னால கொண்டு வர முடியும். முந்தாநேத்து காலையில கொண்டு வந்தேன். யாரும் பாக்கல. ஆனா அது அனத்தோல் பாத்தியில ஓடுற தண்ணி.” எல்லாவற்றையும் சொன்னார். வால்வு, வலது, இடது, கல், பச்சைக் கோடு, ஒன்றும் விடவில்லை. “நான்தான் தப்பாத் திருப்பினேன். குழாய் நல்ல குழாய்தான்.”

ஒரு சைடர் புட்டி எங்கோ உருண்டது. பிறகு எல்லோருடைய தலையும் ஒரே சமயத்தில் அனத்தோல் பக்கம் திரும்பியது.

“என் மகாராணியா?” என்றார் அனத்தோல்.

“ஏரித் தண்ணி, அனத்தோல்.”

குளோவிஸ் தொடையைத் தட்டினார். “ஐயோ, அப்ப இத்தனை வருஷமா உன் குச்சி மோப்பம் பிடிச்சது சாவிக்காரி ஒழுக விட்டதையா?”

இந்தத் தடவை சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. அனத்தோலின் முகம் பீட்ரூட் மாதிரி சிவந்தது. எழுந்து கால்சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டார்.

“குச்சி தண்ணி இருக்குன்னுச்சு. தண்ணி இருந்துச்சு. யார் வீட்டுத் தண்ணின்னு குச்சி சொல்லாது குளோவிஸ். நீயும்தான் தபால் கொண்டு வர்ற. உள்ள என்ன எழுதியிருக்குன்னு உனக்குத் தெரியுமா?” என்றார். பிறகு, “தெரியும், நீ பிரிச்சுப் படிக்கறவன்தான்” என்று சேர்த்துக்கொண்டார். கூட்டம் அப்போதுதான் நிஜமாகச் சிரித்தது.

அவர் சிரிக்கவில்லை. லியோந்தீன் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: “இந்த ஊத்து எவ்வளவு நேரம் ஆடும்?”

“ஞாயித்துக்கிழமையும் திருநாளும். இருபது நிமிஷம்.”

“இருபது நிமிஷத்துக்காடி ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரிஞ்ச? கீரை ஒரு மணி நேரம்கூடத் தாங்கும். ஆடற வரைக்கும் மூடு. ஆடி முடிஞ்சதும் திற. எந்தப் பக்கம்னு மட்டும் ரெண்டு தடவை யோசிச்சுத் திருப்பு.”

அப்படி ஒரு வழி இருப்பது தண்ணீரோடு வாழ்ந்த லியோந்தீனுக்குத் தோன்றவே இல்லை. மூடுவது, திறப்பது என்ற இரண்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தவர் அவர்.

“பத்தொன்பது வருஷம், லியோந்தீன்,” என்றார் மதாம்.

“ஆமா மதாம்.”

தண்ணீர் மதாமுடையது, வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு புல்தரைச் சரிவைக் கையால் காட்டினார். அனத்தோலும் லியோந்தீனும் அந்தக் குழிக்கு நடந்தார்கள். அனத்தோல்தான் சாவியைத் திருப்பினார், இடப்பக்கம், வாய்விட்டு எண்ணிக்கொண்டே. பதினொன்று என்று அவர் சொன்னது எங்கள் வரைக்கும் கேட்டது.

பிறகு லியோந்தீன் சாவியை ஊற்று வால்வில் மாட்ட, பாதிரியார் தொடங்கினார். முதல் செபத்துக்குக் குமிழிகள். நாலாவதற்குக் கல் மீன்களின் முதுகு நனைந்தது. பத்தாவதற்கு மேல் யாரும் சரியாகச் செபம் சொல்லவில்லை, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் பால்கனிச் சுவரைத் தாண்டியதும் காற்று அதன் உச்சியை உடைத்து மதாமின் தொப்பி மேல் கொட்டியது. அவர் நகரவில்லை.

செப்டம்பரில் லெ மான் பொறியாளர் வந்தபோது மதாம் காபி கொடுத்து அனுப்பிவிட்டார். ஆனால் அதற்கு முன்னால் இருபத்திரண்டு வால்வுகளையும் லியோந்தீன் தன் கண்ணெதிரே திறந்து மூடிக் காட்ட வேண்டும் என்றார். மூன்று நாள் பின்னாலேயே நடந்து, தாளில் ஒவ்வொன்றுக்கும் சிவப்பு மையில் அம்புக்குறி போட்டார். அந்த மூன்று நாளும் லியோந்தீனுக்குக் கசப்பாகத்தான் இருந்தது. அனத்தோல் நவம்பரில் கல்லறைத் திருநாள் வரைக்கும் அவரோடு பேசவில்லை. வெளியூர்க்காரர்களிடம் இன்னும் ‘என் ஊற்று’ என்றுதான் சொல்கிறார்.

“ஏன் சொன்னீங்க?” என்று லியோந்தீனிடம் கேட்டேன். ஏரி வாயில் இலை வாரிக்கொண்டிருந்தார்.

“மூடினா அவன் கீரை போகும். திறந்தா என் ஊத்து போகும். எனக்குத் தனியா வேற வழி தெரியல. நாலு பேர்கிட்டச் சொன்னா யாருக்காவது தெரியுமோ என்னமோன்னு தோணுச்சு. அவ்வளவுதான் தம்பி. வெக்கமாத்தான் இருந்துச்சு. அது ஒரு அரை மணி நேரம்.”

பக்கத்து ஊர்களில் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்கிறார்கள். மாளிகைக்காக ஒருத்தி ஏழை விவசாயியின் ஊற்றைத் திருடிக் குழாயில் ஏற்றிவிட்டாள் என்கிறார்கள். அப்படி யாராவது சொல்லக் கேட்டால், தயவுசெய்து நடந்தது இதுதான் என்று சொல்லுங்கள். பழைய குழாயும் பழைய வால்வும் வைத்திருப்பவர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரியுமென்றால் அவர்களிடமும் இதைச் சொல்லுங்கள். திருப்புவதற்கு முன்னால் சாவியில் காதை வைத்து ஒரு நிமிடம் கேட்கட்டும்.